பாசிக்குடாவில் ஒரு பினாங்கு அறை

லேப்டாப் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று, பினாங்கில் மலிவாக ஓர் அறை தேடுகிறேன். அடுத்த கிழமை பயணம்.

இன்று மலேசியத் தரகர் ஒருவர் கடல் தெரியும் அறையின் படம் அனுப்பினார்.

"தம்பி, இப்பவே முற்பணத்தப் போடுங்க. பிந்தினா வேற ஆள் எடுத்திருவாரு."

படத்தில், சுவரில் ஒரு வைஃபை பெட்டி. முன்பு எங்கள் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல்களுக்கு வைஃபை போடும் வேலை செய்தபோது, பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் அதைச் சுவரில் பூட்டியவனே நான்தான். வயரில் சுற்றிய நீல டேப்பும் என்னுடையது.

"நேர்ல பார்க்க வாறன் அண்ணன்."

"பினாங்குக்கா?"

"இல்ல, பாசிக்குடாவுக்கு. மோட்டார் சைக்கிள்ல அரை மணித்தியாலம்."

உடனே என்னை பிளாக் செய்துவிட்டார். வெளிநாட்டில் வீடு தேடும் நம்மவர் குழுக்கள் அனைத்திலும் இதைப் போட்டாயிற்று. ஹோட்டல் மனேஜருக்கும் அனுப்பியாயிற்று.

எனக்கு இன்னும் அறை இல்லை. அவருக்கும் இனி ஆள் கிடைக்கக்கூடாது.

உங்களுக்கும் படம் அனுப்பினாரா? கீழே போடுங்கள். எந்த ஹோட்டல் என்று சொல்கிறேன்.