பதினான்கு பின்களும் ஸ்ரீராம் சாரின் குரலும்

என் வீட்டுக்காரர் முகைதீனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேக்கா வட்டாரம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. லிஃப்டில் நாலு பேருக்கு மேல் நின்றால் படியேறிப் போகிற ஆள். டன்லப் ஸ்திரீட்டில் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை ஒரு ஸ்க்ரூவைக்கூட பிஸ்மில்லாஹ் சொல்லாமல் கழற்றியதில்லை. கவுண்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"நீங்க கழட்டுறதுக்குள்ள அந்த ஸ்க்ரூ துருப்பிடிச்சுடும்" என்பேன். சிரிப்பார். ரோஷமே கிடையாது மனுஷனுக்கு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, தோ பாயோவிலிருந்து ஸ்ரீராம் சாரும் அவர் மனைவி கமலாவும் ஒரு கம்ப்யூட்டரை டாக்சியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தார். பேசியதெல்லாம் கமலாதான்.

"இவருக்குத் தொண்டையில கேன்சர். நாலு மாசம் முன்னாடி குரல்வளையை எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி மூணு வாரம் ரூமைச் சாத்திக்கிட்டு, ஆஸ்பத்திரியில கொடுத்த வாக்கியங்களை வாசிச்சு, தன் குரலை இதுல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காரு. அதைக் கொடுத்தா ஃபோன்லயே இவர் குரல்ல பேச வைக்கலாமாம். ஆனா இது அஞ்சு நிமிஷத்துல சூடாகி ஆஃப் ஆயிடுதுலா."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல முதலில் கேட்டது வேறு எங்காவது காப்பி இருக்கிறதா என்றுதான். இல்லை. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தன் தகவலுக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்கிறது. இந்த மாடலில் அந்தச் சாவி, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கிறது. ப்ராசஸர் செத்தால், மாற்றுச் சாவியாக ஒரு நீளமான எண் வேண்டும். அந்த எண் சாருடைய பழைய வேலையிட மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த மின்னஞ்சலும் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பும்போது இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "பரீதா, அதைத் தொடாதே. நான் தொழுதுட்டு வந்து கொஞ்ச நேரம் ஓட விடுறேன். பேஸ்ட் இளகினதும் மெதுவாத் திருகித்தான் எடுக்கணும்."

ப்ராசஸருக்கும் அதன் மேலே சூட்டைத் தணிக்கிற கூலருக்கும் நடுவே பேஸ்ட் என்று ஒரு பசை பூசுவார்கள். பழசானால் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும், சூடு பட்டால்தான் இளகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்கள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள், இவரோ கூலரைக் கழற்றவே சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் இழுப்பார். நாம் கழற்றித் துடைத்து வைத்தால் வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு நேரே மேலே இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

சடக்கென்று கையோடு வந்தது. அடியில் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பதறித் திருப்பினேன், அது நழுவி மேஜை விளிம்பில் பட்டு விழுந்தது.

யா அல்லாஹ்! எடுத்துப் பார்த்தேன். ப்ராசஸரின் அடியில் ஆயிரத்துச் சொச்சம் தங்க நிறப் பின்கள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஒரு மூலையில் பதினான்கு பின்கள் சாய்ந்து கிடந்தன. எண்ணி எண்ணிப் பார்த்தேன். எத்தனை முறை எண்ணினாலும் பதினான்குதான். ஒரு மனுஷனின் குரலை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இவர் தொழுதுவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஃபேனை நிறுத்து. லேம்ப்பைக் கிட்டக் கொண்டா."

மெக்கானிக்கல் பென்சிலில் கரிக்குச்சியை எடுத்துவிட்டு, அதன் வெற்றுக் குழாயை ஒரு பின்னின் மேல் மாட்டினார். மயிரிழை அளவு நிமிர்த்தினார். நிறுத்தினார். அவர் கை நடுங்கியது. நடுங்கும்போது தொடவே மாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் பக்கத்தில் லேம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது பின்னில் இருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு அவர்கள் வந்துவிட்டார்கள்.

"ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு சார்" என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல். "என் கை தவறிப்போச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "இவர் தொடவே இல்லீங்க. சொன்ன பேச்சைக் கேக்காம நான்தான் இழுத்தேன்" என்று கத்தியேவிட்டேன்.

கமலா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஸ்ரீராம் சார் ஃபோனை எடுத்துத் தட்டி, என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

"என் குரல் போயிடுமா?"

பொய் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இவர் சொல்கிறார்: "தெரியல சார். ஒவ்வொரு பின்னையும் ஒரு தடவைதான் தைரியமா நிமிர்த்தலாம். ரெண்டாவது தடவை ஒடிஞ்சாலும் ஒடிஞ்சுடும். ஒண்ணு ஒடிஞ்சாலும் போகலாம். எனக்கே பயமாத்தான் இருக்கு."

கமலா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நானும் எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். பதினான்காவது பின் படுத்தே கிடந்தது. அதற்கு மட்டும் அரைமணி நேரம்.

நிமிர்த்தினால் போதாது, ப்ராசஸர் சாக்கெட்டில் தன் எடையிலேயே இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. முதல் தடவை வைத்தார். இறங்கவில்லை. எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒரு பின்னைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தினார். மறுபடி வைத்தார். இறங்கவில்லை. மூன்றாவது தடவை விரலை எடுத்ததும் அது தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

புதுப் பசை பூசி, கூலரை மாட்டி, பட்டனை அழுத்தினார். கூலர் ஓடியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். சாரின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. பிறகு திரை வெளிச்சமாகி, பாஸ்வேர்ட் கேட்டது. சார் தட்டினார். திறந்தது.

இவர் மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்காமல் இரண்டு தம்ப் டிரைவில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தார். "கடைசி ஃபைல் முழுசா இருந்தா எல்லாம் வந்துட்டதா அர்த்தம்" என்று அதை ஓட விட்டார்.

ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த ஆண்குரல் பேசியது. "தண்ணி கொடு, கமலா." சிறிது இடைவெளி. "ஜன்னலைச் சாத்து." அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. நின்றுவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு, கமலா. ரொம்பப் பயமா இருக்கு."

ஸ்ரீராம் சார் அவசரமாக ஃபோனில் தட்டி மனைவியிடம் காட்டினார். "ஆஸ்பத்திரியில கொடுத்த லிஸ்ட்ல இருந்த வாக்கியம் அது."

கமலா அந்த ஃபோனைக் கையால் ஒதுக்கினார். "சும்மா இருங்க. முப்பத்தோரு வருஷமா நீங்க வாசிக்கிறதைக் கேட்டிருக்கேன். இது வாசிக்கிற குரல் இல்ல."

சார் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகைக்கும் சத்தம் வரவில்லை. கமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? கதவுக்கு இந்தப் பக்கம் நானும் பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தேன்."