காற்றுக்குப் பயந்த கன்னம்

பல் பிடுங்குகிற தொழிலில் ஒரு சௌகரியம், நம் தப்பை நோயாளியே வாய்க்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு முகத்திலே, பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு நரம்பு இருந்ததாம். அதற்கு மூன்று கிளை. ஒன்று கண்ணுக்கும் நெற்றிக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கு. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் மூளைக்குச் சேதி சொல்வது அதுதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, உங்களைப் படுத்துவதும் அதேதான்.

கல்யாண ரசம்

பூதலூரில் நான் கிளினிக் திறந்த முதல் மாதம். ஒரு உரக்கடைக்காரருக்குக் கீழ்க் கடவாயில் மரத்துப்போக ஊசி போட்டேன். மூன்று மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. அவர் நேரே கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கீழ்க் கிளைக்கு இரண்டு வேலை. உணர்வைக் கொண்டுபோவது ஒன்று, மெல்லும் தசைகளை இயக்குவது இன்னொன்று. ஊசி நிறுத்தியது முதல் வேலையை மட்டும். தாடை பாட்டுக்கு மென்றுகொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் உதடு வீங்கி வந்து நின்றார்.

"ரசம் சட்டையில வழிஞ்சது போவட்டும் டாக்டர், அப்பளம்னு நெனச்சு உதட்டையில்ல மென்னுருக்கேன்!"

துண்டு

ரோஸ்மேரி அக்கா நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். ஆனி வெயிலில் கன்னத்தைச் சுற்றித் துண்டோடு வந்தார். உட்கார்ந்ததும், "ஃபேனை நிறுத்துங்க தம்பி" என்றார். துண்டை விலக்கினேன். வீக்கமில்லை. வலி கரண்டு பாய்ந்த மாதிரி வந்து நொடியில் போய்விடுகிறது என்று, தொடாமலே ஒரு மேல் கடவாய்ப் பல்லைக் காட்டினார். எக்ஸ்ரேயில் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு, நாளைக்கு நடவு. பிடுங்கி விட்டுடுங்க தம்பி."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடுங்கினேன். பத்து நாள் கழித்து அடுத்த பல்லைக் காட்டினார். அதையும் பிடுங்கினேன். மறுவாரம் மறுபடி வந்தார், வலி அதே இடத்தில். ஃபேனை நிறுத்தப் போன என் உதவியாளர் கலா அக்கா, சுவிட்சில் கை வைத்தபடி திரும்பினார்.

"ஏன் டாக்டர், பல்லு வாய்க்குள்ள இருக்கு, வெளிக்காத்து கன்னத்துல பட்டா அது ஏன் வலிக்கணும்?"

இரண்டு பற்கள்

பல்லில் ஒன்றுமே இல்லாமல் அந்த நரம்பே துடிக்கிற நோய் ஒன்று உண்டு. காற்று பட்டால் போதும், முகம் கழுவினால் போதும். பரீட்சையில் அதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். ரோஸ்மேரி அக்காவைத் தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரையில் வலி அடங்கியது.

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார் அக்கா. கன்னத்தில் துண்டு இல்லை. "நீங்க சொத்தைப் பல்லை எடுத்தீங்க, அங்க மாத்திரை குடுத்தாங்க. ரெண்டும் சேந்து கேட்டுடுச்சு" என்று சிரித்தார். சிரிப்பில் அந்த இடைவெளி தெரிந்தது. நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"ரெண்டும் நல்ல பல்லுக்கா. நான்தான் தப்பாப் பிடுங்கிட்டேன்."

அன்றைக்கு மட்டும் என் குரல் வாசல் வரை கேட்டது. அக்கா நாக்கால் அந்த இடத்தைத் துழாவிப் பார்த்தார்.

"நாத்துன்னா பறிச்ச கையோட வேற வயல்ல நட்டுடுவேன். இதை எங்க தம்பி நடுறது?"

பழத்தை மேசையில் வைத்துவிட்டு, ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே, முகத்தை மூடாமல் அவர் நடந்துபோனதுதான் என் கிளினிக்கில் நடந்த ஒரே நல்ல வைத்தியம், அதுவும் நான் பார்த்ததல்ல.