பால் நிறத்து கியர் எண்ணெய்

எங்கள் தீவின் லம்பா லைன் கார்க் கடையில் மகன் காட்டிய புதுக் காரில் கிளட்ச் இல்லை. இடது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டேன். கியரை அதுவே போட்டுக்கொள்ளுமாம். நல்லதுதான். ஆனால் எனக்கு அந்தப் பெட்டியைத் திறந்து மோந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. கேட்க வெட்கம். எனக்கு எதையும் கேட்க வெட்கம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு, வாத்தியாரிடம் சந்தேகம் கேட்காததும் ஒரு காரணம்.

கியர் எண்ணெய் நாற்றம் உங்களுக்குத் தெரியுமா? தீக்குச்சி மருந்தை ஊறப்போட்ட மாதிரி இருக்கும். எனக்கு அது டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் இருந்த லாரி ஷெட்டின் வாசனை. எழுபதுகளின் கடைசியில் ஒரு திருநெல்வேலி காண்டிராக்டரிடம் லாரி ஓட்டினேன். அண்ணாச்சி என்போம். சௌல்தாரி ஏற்றத்தில் கல் லோடு திணறுகிறதென்று, காட்டு மரம் இழுத்த பெரிய லாரியின் எஞ்சினை வாங்கி மாட்டினார். எஞ்சின் யானை. பழைய கியர் பெட்டி மூன்றே வாரத்தில் பல் உடைந்து உட்கார்ந்துவிட்டது.

ஷெட்டில் இரண்டு பெட்டிகள் வந்து நின்றன. ஒன்று மெட்ராஸில் சீர்செய்து கப்பலில் வந்தது. பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. மற்றது, எங்கள் பெங்காலி மெக்கானிக் தாஸ் பாபு, கழித்துப்போட்ட மூன்று லாரிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. ஒரு போல்ட் போல இன்னொன்று இருக்காது.

அப்போதெல்லாம் வெங்காயமானாலும் ஊசியானாலும் கப்பலில் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அண்ணாச்சியும் அப்படித்தான்.

"மெயின்லேண்ட் சாமான் இருக்கும்போது இந்தக் கபாடி எதுக்குலே?" கழித்துப்போட்ட இரும்புக்கு இங்கே கபாடி என்று பேர்.

நான் இரண்டு பெட்டியிலும் எண்ணெய்த் திருகைக் கழற்றி விரல் விட்டுப் பார்த்தேன். தாஸ் பாபுவின் பெட்டியில் கறுத்த எண்ணெய், வழவழவென்று. பச்சைப் பெட்டியில் பால் விட்ட டீ மாதிரி. தேய்த்தால் துரு நரநரத்தது. கப்பலிலோ இறக்கிவைத்த ஜெட்டித் துறையிலோ உப்புத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாயால் சொல்லத் தெரியாமல், விரலை அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டைக்கு நேரே நீட்டினேன்.

"ஏலே, தேச்சிராதே! என்னது?"

"தண்ணி."

"எண்ணெய மாத்திட்டு மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "அரே, கூங்கா போல் படா!" என்றார் தாஸ் பாபு. ஊமை பேசிவிட்டானாம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சரி, கபாடியவே மாட்டு. நாளைக்கு ஏத்தத்துல நின்னுச்சோ, அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிரு. இங்க எவனும் உனக்கு வண்டி தரமாட்டான்."

ஊரில் எனக்கு யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் முழு லோடு. அண்ணாச்சி என் பக்கத்தில். தாஸ் பாபு கல்லின் மேல். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டாவது கியருக்கு இறக்கினேன். பெட்டி உறுமியது, கவ்வியது, இழுத்தது. உச்சியில் அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எறக்கத்துல மெதுவாப் போ."

அவ்வளவுதான். பதினோரு வருஷம் அந்த வண்டி என்னிடமே இருந்தது.

பச்சைப் பெட்டி ஷெட் மூலையில் கிடந்து, கோழி முட்டையிட உதவியது. இப்போது ஷெட் இல்லை. தாஸ் பாபு இல்லை. ஏற்றத்தையும் வெட்டித் தணித்துவிட்டார்கள்.

காரிலிருந்து இறங்கி, விற்கும் பையனிடம் கேட்டேவிட்டேன்: "கியர் எண்ணெய் பாக்கற திருகு எங்க தம்பி?"

"அதெல்லாம் சீல் அங்கிள். யாரும் திறக்கவே வேண்டாம்."

விரல் விட ஒரு துளைகூட இல்லை. கையெழுத்துப் போட மகன் பேனாவைத் திறந்துவிட்டான்.

"திறந்து காட்டட்டும், அப்புறம் வாங்கலாம்" என்றேன்.

மகனுக்கு வெட்கமாகிவிட்டது. எனக்கு இல்லை.