விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரைத் தரகர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் எதையும் அவர் முடித்து வைத்ததில்லை. சொந்த மகள்கூட மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டுவிட்டாள். அக்கா சேர்த்து வைத்ததெல்லாம் படுக்கைவிரிப்பு மடிக்கும் ஜோடிகளை.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் நான்கு முனைகளைப் பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ஒரே முகத்தை நோக்கி நடக்கும் வேலை. பிடிக்காத முகமாக இருந்தால் மத்தியானத்துக்குள் தோள்பட்டை வலி வந்துவிடும். கூடத்துக்கு மேற்பார்வையாளராக இருந்த ஒன்பது வருஷமும் அக்கா காலையில் வாசலில் நிற்பார். செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே, வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குப் பாதி தெரிந்துவிடும். ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் வாயாடியை, பேச்சே வராத ஒருத்தியோடு சேர்ப்பார். சண்டை போட்டுக்கொண்டு வந்த நாத்தனாரையும் அண்ணியையும் வேண்டுமென்றே ஒரே விரிப்பில் மாட்டிவிடுவார்.

"இருநூறாவது தடவை எதிர்ல வரும்போது யாராவது ஒருத்தி சிரிச்சுதான் ஆகணும்," என்பார். பெரும்பாலும் சிரித்தார்கள்.

அந்தத் திறமைக்குப் பரிசாகத்தான் அவரைத் துணிக்கிடங்குப் பொறுப்பாளராக உயர்த்தினார்கள். தனி அறை, சுழல் நாற்காலி, கம்ப்யூட்டர், இடுப்பில் சாவிக்கொத்து. கூடத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். மடித்த விரிப்புகள் அதன் வழியாக வரும். சரிபார்த்து அலமாரியில் அடுக்க வேண்டும். விரிப்புகள் வாயைத் திறக்காது. இரண்டு வருஷமாக அக்கா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், பசித்தவள் பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்ப்பது போல. பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லி எழுதிய கடிதம் ஒரு வருஷமாக அடி இழுப்பறையில் கிடந்தது.

"படி ஏறினவங்க யாராவது வேணும்னே இறங்குவாங்களா?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"மொட்டை மாடில துணி காயப்போட ஏறினா இறங்கித்தானே ஆகணும்."

"நாற்காலி கிடைச்சவளுக்கு நிக்கணும்னு ஆசை. எனக்கு உக்காந்தே முதுகு போச்சு."

"உங்க பஸ்லயாவது ஜனம் ஏறி இறங்குது," என்றார் அக்கா.

கூடத்துக்கு அக்காவின் இடத்தில் வந்த மேற்பார்வையாளர் சின்னப் பெண். வரிசை எண்படி ஜோடி பிரித்துச் சுவரில் ஒட்டியதால் சார்ட் மேடம் என்று பெயர் வாங்கிவிட்டாள். ஓரவஞ்சனை என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் கூடத்தில் பேச்சே நின்றுபோய், இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளே ஆன ஒருத்தி, வரிசை எண்ணின் புண்ணியத்தில், ரயில் என்று பட்டப்பெயர் உள்ளவளிடம் மாட்டிக்கொண்டாள். ரயில் வேகத்தில் கெட்டிக்காரி. மெதுவாக வருகிறவர்களைப் பொறுக்கவே மாட்டாள். அன்று புதியவள் விரிப்புகளை ஜன்னலில் வைத்தாள். அழுத முகத்தை ஒரு தலையணை உறையால் துடைத்து அதையும் சேர்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "ஏம்மா ரேடியோ, இவளை உன்கூட வச்சுக்கோ. ரயிலு, நீ நெட்டையோட போ. உன் வேகத்துக்கு அவ காலு ஈடு கொடுக்கும்," என்றார். நான்கு பேரும் மறுபேச்சில்லாமல் இடம் மாறினார்கள்.

சற்று நேரத்தில் சார்ட் மேடம் கிடங்குக்குள் வந்தாள்.

"அக்கா, யாரை யாரோட விடறதுன்னு நான் பாத்துக்கறேன். உங்க வேலை ஜன்னலுக்கு இந்தப் பக்கம்."

குரலில் கோபம் இல்லை. சொன்னதும் நியாயம். அதனால்தான் அதிகமாகச் சுட்டது. அக்கா தலை குனிந்து நின்றார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். பேசிக்கொண்டே அவள் அலமாரியில் கோணலாக இருந்த அடுக்கை நேராக்கி, உரிந்திருந்த சீட்டை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஏதேதோ சாக்கில் அவள் கிடங்குக்கு வந்தது இது ஐந்தாவது தடவை.

"உக்காரும்மா," என்று அக்கா சுழல் நாற்காலியைத் தள்ளினார். "கூடம் உனக்குப் பிடிக்கலையா?"

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "பஸ்ஸ விட்டு இறங்கும்போதே திரும்பிப் போயிடலாமான்னு இருக்குக்கா. ரெண்டு பேரு சண்டைன்னு வந்தா யாரு பக்கம் நியாயம்னே எனக்குத் தெரியறதில்ல. அதான் சார்ட்டு. சார்ட்டுகிட்ட யாரும் அழ மாட்டாங்க."

"எனக்கு இங்க வந்தா அப்படித்தான் இருக்கு. அழறதுக்குக்கூட யாரும் வரதில்ல."

அக்கா இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். "தேதி போடலையே," என்று தானே தேதி போட்டாள். பிறகு, கிடங்குக்குத் தன்னை மாற்றும்படி கீழே இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

மேலாளர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல போகணும்னு சண்டை போட்டவங்களப் பாத்திருக்கேன். கீழ போறதுக்கு சிபாரிசோட வர்றது இதான் முதல் தடவை. மாசக் கடைசில சொல்றேன். நடக்காமலும் போகலாம். ரொம்ப ஆசைய வளத்துக்காதீங்க."

"அது வளந்து ரெண்டு வருஷமாச்சு சார்," என்றார் அக்கா.

மாசக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அன்று சாயங்காலம் ரேடியோ பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட, புதியவள் கடைசி விரிப்போடு ஜோடியில்லாமல் நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்து இரண்டு முனைகளை உள்ளே நீட்டினாள். அக்கா பிடித்துக்கொண்டார். அவள் பின்னால் போய்த் தன் முனைகளைத் தூக்கினாள். உதறியபோது விரிப்பின் சூடு அக்காவின் முகத்தில் அடித்தது. எதிரே நடந்து போக வழியில்லை. அவள் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

கூடத்தின் நடுவில் நின்ற சார்ட் மேடம் அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போல, சார்ட் ஒட்டிய சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.