மாட்டுக்குப் போன சத்து

பதினோரு வயதில் எங்கள் மகளுக்குக் கால்கள் மரத்துப்போயின. எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தாள். எந்தத் தைலத்துக்கும் கேட்கவில்லை. இனி நடக்கவே மாட்டாளோ என்று அன்று பிடித்த பயம் இன்னும் என்னை முழுதாக விடவில்லை.

தென்காசியிலிருந்து எங்கள் ஊர் ஆய்க்குடிக்கு வந்த டாக்டரம்மா, காலைத் தட்டிப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். மல்லிகைப்பூ மாதிரி வெளுத்த மில் அரிசிச் சோறு எங்கள் வீட்டுப் பெருமை. தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் களைந்து, கஞ்சியை ஒட்ட வடித்துவிடுவோம். தவிடு, கழுநீர், கஞ்சி எல்லாம் தொழுவத்துக்குப் போகும்.

டாக்டரம்மா தொழுவத்தை எட்டிப் பார்த்தார்.

"மாடு என்னமா மினுங்குது! ஏன் அண்ணாச்சி, சத்தையெல்லாம் மாட்டுக்கு வச்சுட்டு, பிள்ளைக்கு வெறும் சக்கையவா போடுதிய?"

படுத்திருந்த மகள்தான் முதலில் சிரித்தாள்.

அவர் சொல்லிக்கொடுத்தபடி கைக்குத்தல் அரிசியை வடிக்காமல் பொங்கினோம். கூடவே பயறு, காலையில் தவிட்டுக் கஞ்சி. விருந்தாளிகள் பார்க்கப் பழுப்புச் சோறு பரிமாற என் மனைவி கூசினாள்.

"கூச்சத்த நான் தின்னுக்கிடுதேன், சோத்த அவளுக்குப் போடு" என்றேன்.

மெல்ல மெல்லக் கால்கள் தேறின. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போனோம். வண்டி நின்றதும் மகள் குதித்து இறங்கி, ஈரப் பாறையில் அருவியைப் பார்த்து ஓடினாள்.

"ஏட்டி, மெல்லப் போ! வழுக்கும்!" என்று பதறிக் கத்தினேன்.

"மாட்டுத் தீனி தின்ன காலுப்பா, வழுக்காது!"

அருவி இரைச்சலையும் மீறி என் மனைவியின் சிரிப்பு கேட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகள் பின்னாலேயே ஓடினேன். பிடிக்க முடியவில்லை.