லிஃப்ட் மெக்கானிக்கின் ஏழாவது உயில்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் பம்பரம். தூக்கத்தில்கூடக் கால் நடக்கும். விடிந்தால் போர்வையை அடுத்த அறையில்தான் தேட வேண்டும் என்று அவர் தங்கை சத்தியம் செய்வாள்.

இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அவருடைய உயிலும் சுழல ஆரம்பித்தது. மனைவி, பிள்ளை கிடையாது. வீடு தங்கைக்கு, மிச்சமெல்லாம் தர்மத்துக்கு. எந்தத் தர்மம்? திங்கட்கிழமை பார்வையற்றோர் பள்ளி. புதன்கிழமை தெருநாய்கள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நாற்காலிகள். ஒவ்வொரு தடவையும் புது உயில், இரண்டு சாட்சிகள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் கும்பிட்டே விட்டார். "அண்ணே, உங்களுக்குச் சாட்சி போட்டுப் போட்டு என் கையெழுத்தே தேஞ்சு பாதியாயிடுச்சு. விட்டுடுங்க!"

ஆறாவது உயிலைப் பார்த்ததும் வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், ஏற்கெனவே நடந்துட்டிருக்கிற ஒரு அறக்கட்டளை இருக்கு. உயில்ல தர்மப் பங்கை அதுக்குன்னு மட்டும் எழுதுங்க. யாருக்கு என்ன செய்யணும்னு தனியா ஒரு கடிதம். அதைத் தினம் மாத்திக்கலாம், சாட்சி வேண்டாம்."

"கடிதத்துல இருக்கறபடி அவங்க செஞ்சுதான் ஆகணுமா?"

"சட்டப்படி கட்டாயமில்ல. ஆனா மதிப்பாங்க."

அந்த 'மதிப்பாங்க' அவர் சட்டைக்குள் எறும்பாக ஊர்ந்தது. மதிக்காவிட்டால், செத்தவன் எழுந்து வந்தா கேட்பான்? ஆபரேஷனுக்கு இரண்டே நாள்.

மறுநாள் காலை, வேவு பார்க்க, டூல் பையோடு அறக்கட்டளை அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"லிஃப்ட் சர்வீஸ்மா."

மேசையில் இருந்த பெண் போனைக் கையால் பொத்தினாள். "இங்க மாடியே இல்லையேங்க?"

பம்பரம் அப்போதுதான் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப... ஒரு கோளாறும் இல்லன்னு எழுதிக்கறேன்."

அவள் சிரித்துவிட்டுப் போனில் சண்டையைத் தொடர்ந்தாள். "நீலக் குடை வேண்டாங்க. பணம் விட்டுட்டுப் போன தபால்காரர் கடிதத்துல மஞ்சள்னுதான் எழுதி வெச்சிருக்கார். மழையில பிள்ளைங்க லாரிக்காரன் கண்ணுல படணுமாம்... ஆமா, அவர் செத்து ஒம்பது வருஷமாச்சு. அதனாலென்ன? மஞ்சள்னா மஞ்சள்தான்!"

பம்பரம் அங்கிருந்து நேரே வக்கீலம்மாவிடம் ஓடினார். ஏழாவது உயிலில் அன்றே கையெழுத்தாயிற்று. தையல்காரர் கடைசித் தடவையாகத் தேய்ந்தார்.

கடிதம்தான் முடியவில்லை. பதினாலு பக்கம் தாண்டியும் கை நிற்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஊசியோடு குனிந்த டாக்டரிடம் பேனா கேட்டாராம்.

"இந்த ஸ்ட்ரெச்சர் சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்துது டாக்டர். எண்ணெய்க்குக் கடிதத்துல ஒரு வரி சேர்த்துடறேன், அப்புறம் குத்துங்க."