அக்காவுக்காக வைத்த சென்சார்

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து துபாயில் இருக்கும் அவள் மகனுக்குத் தூக்கம் போயிற்று. முழங்கையில் சிராய்ப்புதான். இருந்தாலும், வயதானவர்களின் நடையையும் உடல் தளர்ச்சியையும் வீட்டிலேயே சென்சார் வைத்துக் கணிக்கும் ஒரு குழுவைத் தேடிப் பிடித்து, குளத்தூரில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மனைவி இறந்தபின் நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அவளைப் பார்த்துக்கொள்வதற்காக என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

குழுவிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் கூடத்துச் சுவரிலும் அடுப்படி வாசலிலும் சிறு வெள்ளைப் பெட்டிகளை ஒட்டினாள்.

"கேமராவா தாயி?" என்றாள் அக்கா.

"இல்லம்மா, படமெல்லாம் எடுக்காது. எவ்வளவு வேகமா நடக்குறீங்க, ஒக்காந்து எந்திரிக்க எவ்வளவு நேரமாகுதுன்னு மட்டும் பாக்கும்."

அக்காவின் மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டினாள். "எனக்கு மட்டும் எதுக்கு? தம்பிக்கும் ஒண்ணு கட்டிவிடு" என்றாள் அக்கா. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டாள். நான் பெருந்தன்மையோடு கையை நீட்டினேன்.

சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தவள், லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா நல்லா இருக்காங்க சார்" என்றாள். 'அம்மா'வில் ஓர் அழுத்தம் இருந்தது.

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள். முடியவில்லை. இன்னொரு தரம் முயன்றேன். நாற்காலி சரியில்லை என்றேன். அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"எடை கொறைஞ்சிருக்கா சார்?"

வேட்டி கட்டுகிறவனுக்கு அது தெரிவதில்லை என்றேன்.

"அவன் பொண்டாட்டி போனதுலேர்ந்து இப்புடித்தான். ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிருவான். சொன்னாக் கோவிச்சுக்குவான்னு நானும் சொல்றதில்ல" என்றாள் அக்கா.

அவள் கவனித்திருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் சொன்னபடி புதுக்கோட்டைக்குப் போனேன்; டாக்டர் எனக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார். நோய் எதுவும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிட்டு உடற்பயிற்சி செய்தால் தேறலாம் என்றார். அன்றிலிருந்து காலையில் முட்டை, மாலையில் சுண்டல். நடுவில், "இங்கிட்டு வா, ஒக்காந்து எந்திரி" என்று அக்காவின் அதிகாரம்.

மருமகன் போனில், "மாமா, அம்மாவப் பாத்துக்கங்க" என்றான். அவள் நன்றாக இருக்கிறாள் என்றேன். அக்கா போனைப் பிடுங்கி மீதியைச் சொன்னாள்.

தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் கை ஊன்றாமல் எழுந்துவிட்டேன். அடுப்படியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுந்து காட்டினேன். பார்த்தாள்.

"சரி, போயி ஒரு தேங்கா வாங்கிட்டு வா."

கடை தெருக்கோடியில் இருக்கிறது. நடந்தே போய் வந்தேன்.